செடியிடம் கேள்வி கேட்ட விஞ்ஞானி – ஜெகதீஷ் சந்திர போஸ்

 

விஞ்ஞானி என்று சொன்னதும் நமக்கு நியூட்டன், எடிசன், சர்.சி.வி.ராமன், அப்துல் கலாம் இவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்தத் தடவை நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சின்னக் கேள்வி. நாம் ஒரு செடியைத் தொட்டால் அது அந்தச் செடிக்குத் தெரியுமா? அவ்வளவுதான். இதைக் கேட்டா நம்மில் பாதிப் பேர் சிரிப்போம். அவரைப் பார்த்தும் பெரிய பெரிய ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் விடவில்லை. அவர்தான் ஜெகதீஷ் சந்திர போஸ்.

தாய்மொழிப் பள்ளியில் படித்தவர்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் மைமன்சிங் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ப்பார்கள். அதுதான் கௌரவம். ஆனால் இவருடைய அப்பா மகனை வங்காளி மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழியும், சொந்த மக்களும் தெரியட்டும், இங்கிலீஷ் அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பள்ளியில் போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் சேவகரின் மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதை, மீன் கதை, மிருகக் கதைகளைக் கேட்டுத்தான் அவருக்கு இயற்கை மேல் ஆசை வந்தது.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். சின்ன வயதில் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர்! அவருக்குச் சிறைத் தண்டனை கொடுத்ததே போஸின் அப்பாதான். விடுதலையாகி வந்ததும் பிழைக்க வழியில்லை என்று அவரிடமே வந்து நின்றார். அப்பா அவரைத் தன் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த வீடு அது.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். ஏற்கெனவே காய்ச்சலில் அடிபட்ட உடம்பு. பிணம் அறுக்கும் அறையின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் படிப்பை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் லார்டு ராலே என்ற பெரிய இயற்பியல் அறிஞரும், சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வினும் இருந்தார்கள். ஒருவர் இயற்பியல், இன்னொருவர் தாவரவியல். பிற்காலத்தில் போஸ் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

சம்பளம் வாங்காத மூன்று வருஷம்

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே ஒரு அநியாயம் இருந்தது. ஒரே வேலை பார்த்தாலும் வெள்ளைக்காரருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் போஸ் தற்காலிக வேலை என்பதால் அதில் பாதி. அதாவது வெள்ளைக்காரர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு.

அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷம் ஒரு பைசா வாங்காமல் தினமும் வகுப்புக்குப் போனார். அப்போது அவர் வீட்டில் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. அப்பா தொழில்களில் பணம் போட்டு நஷ்டப்பட்டுக் கடனில் இருந்தார். அந்த நிலைமையிலும் போஸ் இறங்கி வரவில்லை. கடைசியில் கல்லூரிதான் இறங்கி வந்தது. அவரை நிரந்தரமாக்கி, மூன்று வருஷச் சம்பளத்தையும் முழுசாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணத்தை அப்பாவின் கடனுக்குக் கட்டினார்.

இந்தக் கஷ்டமான காலத்தில், 1887-இல்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் அபலா. இவரைப் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும். பெண்களைக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்க்காத காலம் அது. அதனால் அபலா 1882-இல் உதவித்தொகை பெற்று, அவ்வளவு தூரம் நம்ம சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடம்பு சரியில்லாமல் படிப்பை முடிக்க முடியவில்லை. ஆனால் பிறகு, 1919-இல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண் பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகளைத் திறந்தார். தனக்குக் கிடைக்காமல் போன படிப்பை மற்றவர்களுக்குக் கொடுத்தவர் அவர்.

களைத்துப் போன இரும்பு

கல்லூரியில் போஸுக்கு நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சின்ன அறைதான். தகர வேலை செய்யும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே கருவிகள் செய்தார். அப்படிச் செய்த கருவிகளை வைத்துத்தான் 1895-இல் கல்கத்தா டவுன்ஹாலில், கம்பி இல்லாமல் மின்னலைகளைச் சுவரைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். இது ரேடியோ வருவதற்கு முந்தின கதை.

அந்த அலைகளைப் பிடிக்கும் கருவியில் உலோகத் துண்டுகள் இருந்தன. ரொம்ப நேரம் வேலை செய்தால் அந்தக் கருவி மந்தமாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் மறுபடி நன்றாக வேலை செய்யும். இதைக் கவனித்த போஸுக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம கை கால் தசையும் இப்படித்தானே களைத்துப் போய் ஓய்வெடுத்தால் சரியாகிறது? உலோகத்துக்கே இப்படி என்றால், நடுவில் இருக்கிற செடி கொடிக்கு எப்படி இருக்கும்? இப்படித்தான் இயற்பியல் வாத்தியார் செடி பக்கம் வந்தார்.

1901 – லண்டனில் ஒரு சோதனை

1901-ஆம் ஆண்டை நாம் மறக்க மாட்டோம். நம்ம பாலவனத்தம் ஜமீன் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஆண்டு அது. அதே ஆண்டு மே 10-ந் தேதி, லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் சபையில் போஸ் நின்றார். ஒரு உலோகத்தையும், ஒரு தசையையும், ஒரு செடியையும் தூண்டினால் மூன்றிலும் எப்படி மின்சார மாற்றம் உண்டாகிறது என்பதைக் கோடுகளாகக் காட்டினார். மூன்று கோடும் பார்க்க ஒன்று போலவே இருந்தன.

அடுத்த மாதம் ராயல் சொசைட்டியில் இதையே சொன்னபோது எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் பர்டன் சாண்டர்சன் என்ற பெரிய உடலியல் அறிஞர். 1873-லேயே பூச்சி பிடிக்கும் செடி ஒன்றில் மின்துடிப்பைக் கண்டவர் அவர். ஆனால் அப்படி அசைகிற செடிக்கு மட்டும்தான் அது உண்டு, சாதாரணச் செடிக்குக் கிடையவே கிடையாது என்பது அவருடைய கட்சி. கட்டுரையில் உள்ள ஒரு முக்கியமான சொல்லையாவது மாற்றச் சொன்னார்கள். போஸ் மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சாகவில்லை.

ஊருக்குத் திரும்பிப் போய்ப் பழைய வேலையையே பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வாயால் வாதாடுவதற்குப் பதில், செடியையே எழுத வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

செடி எழுதிய எழுத்து

செடியை எழுத வைக்க முடியுமா? முடியும். இலையில் ஒரு மெல்லிய இழையைக் கட்டி, அதை லேசான நெம்புகோலோடு சேர்த்து, அதன் முனை புகை படிந்த கண்ணாடித் தகட்டில் கோடு போடும்படி செய்தார். இலை அசைந்தால் கோடு அசையும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரத்தைக்கூட அந்தக் கருவி காட்டும்.

இதற்கு அவர் அதிகமாக எடுத்துக்கொண்டது இரண்டு செடிகள். ஒன்று தொட்டாச்சிணுங்கி. இன்னொன்று தொழுகண்ணி. தொழுகண்ணியின் சின்ன இலைகள் யாரும் தொடாமலே மேலும் கீழும் ஆடும். தொட்டாச்சிணுங்கியைத் தொட்டால், தொட்ட இடத்திலிருந்து ஒரு செய்தி காம்பு வழியாக ஓடுகிறது. காம்பின் அடியில் உள்ள சின்ன முண்டில் தண்ணீர் இடம் மாறுகிறது. உடனே இலை மடங்கி விழுகிறது. குளிர்ந்தால் அந்தச் செய்தி மெதுவாகப் போவதையும், குளோரோபார்ம் புகையில் வைத்தால் செடி மயங்கிக் கிடப்பதையும் அவர் பதிவு செய்தார். முட்டைக்கோஸ், கேரட் போன்ற அசையாத தாவரங்களிலும் தொட்டால் மின்துடிப்பு உண்டாவதைக் காட்டினார்.

பிறகு கிரெஸ்கோகிராப் என்ற கருவியைச் செய்தார். செடி வளர்வதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறோமா? இந்தக் கருவி அந்த வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. லண்டனில் இதையும் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1920-இல் விஞ்ஞானிகள் முன்னாலேயே செய்து காட்டினார். பார்த்தவர்கள் கருவி சரிதான் என்று கையெழுத்துப் போட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். முன்பு கதவைச் சாத்திய அதே ராயல் சொசைட்டி, அந்த ஆண்டே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

கும்பிடும் மரம்

பரீத்பூர் என்ற ஊரில் சாய்ந்து வளர்ந்த ஒரு பேரீச்ச மரம் இருந்தது. சாயங்காலம் கோயில் மணி அடிக்கிற நேரம் அது தலையைத் தாழ்த்தித் தரையைத் தொடும். காலையில் நிமிர்ந்து நிற்கும். மரம் சாமி கும்பிடுகிறது என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நோய் தீரும் என்றும் நம்பினார்கள்.

போஸ் யாரையும் கேலி செய்யவில்லை. கருவியை மரத்தில் மாட்டி, இரவு பகலாகப் பதிவு செய்தார். காற்றின் வெப்பம் ஏறி இறங்குவதற்குத் தகுந்தபடிதான் மரமும் தாழ்ந்து உயர்கிறது என்று தெரிந்தது. எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது. சும்மா நம்பிவிடவும் இல்லை, சும்மா மறுத்துவிடவும் இல்லை. அளந்து பார்த்தார்.

1917-ஆம் ஆண்டு, தன்னுடைய பிறந்த நாளிலேயே கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே கண்டுபிடிப்பது எல்லாம் எல்லோருக்கும் பொது, யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று வைத்தார். தாய்மொழியில் படித்தவர் அல்லவா? வங்காளியிலேயே அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். 1937 நவம்பர் 23-இல் கிரிதி என்ற ஊரில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது முடிந்திருக்கும்.

சரி எது, தப்பு எது?

பெரியவர் என்பதற்காக அவர் சொன்னது எல்லாம் சரி என்று நான் எழுத மாட்டேன். செடிக்கும் நம்மைப் போல நரம்பு உண்டு என்றார். இன்று வரை செடியில் நரம்பைக் கண்டுபிடிக்கவில்லை, மூளையும் கிடையாது. செடிக்குள் செல்கள் துடித்துத் துடித்துத்தான் தண்ணீரை மேலே ஏற்றுகின்றன என்றார். அதையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுப்பில்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது என்று நம்ம பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் முக்கியமான ஒன்றில் அவர் ஜெயித்துவிட்டார். தொட்டால் செடிக்குத் தெரியும். அந்தச் செய்தி மின்சாரமாக உள்ளே ஓடும். அசையாத செடிக்கும் இது உண்டு. இன்று இதில் சந்தேகமே இல்லை.

தொடுவது செடிக்கு எதுக்குத் தெரியணும்?

இதுதான் எனக்கு வந்த கேள்வி. செடி ஓடப் போவதில்லை, திருப்பி அடிக்கப் போவதும் இல்லை. பிறகு எதுக்கு? இதற்குப் பதில் போஸ் காலத்துக்குப் பிறகுதான் வந்தது. நோயிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள!

செடியின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிரம்பி, காற்றடித்த டியூப் மாதிரி விறைப்பாக இருக்கும். வெளியிலிருந்து அழுத்தினால் செல்லின் சவ்வில் உள்ள சின்னச் சின்னக் கதவுகள் திறக்கும். அதன் வழியாகக் கால்சியம் உள்ளே பாயும். அதுதான் அபாய மணி. அந்த மணி கேட்டதும் செடி தடுப்புப் பொருள்களைத் தயார் செய்ய ஆரம்பிக்கும்.

நெல்லில் வரும் குலை நோய் ஒரு பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சை இலை மேல் உட்கார்ந்து, ஒரு சின்னப் பை மாதிரி உறுப்பை உண்டாக்கி, அழுத்தத்தாலேயே இலையைத் துளைக்கும். அந்த அழுத்தம் நம்ம காற்று மண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு. பஸ் டயரில் உள்ள காற்றழுத்தத்தை விட ஏறக்குறைய பத்து மடங்கு! இப்படி ஒரு முனை குத்தும்போது செடிக்குத் தெரியாமல் போகுமா? ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல் நுண்ணிய ஊசியால் இலையின் செல்லை மெல்ல அழுத்திப் பார்த்தார்கள். பூஞ்சையே இல்லை, வெறும் ஊசிதான். ஆனாலும் செல்லுக்குள் இருந்த சாமான்களில் பல அழுத்திய இடத்துக்கு ஓடி வந்தன. கரை உடைகிற இடத்துக்கு ஊர் ஜனமே மண்ணைக் கொட்ட ஓடுவது மாதிரி.

மழை விஷயம் இன்னும் ஆச்சரியம். நம்ம பக்கம் மானாவாரி. எப்போது மழை வரும் என்று வானத்தைப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் மழைக்குப் பின்னாலேயே நோயும் வரும். ஒரு சொட்டு விழுந்து தெறிக்கும்போது நோயுள்ள இலையில் இருந்து கிருமியும் சேர்ந்து தெறித்து அடுத்த செடிக்குப் போகும். பருத்தியில் பாக்டீரியாவால் வரும் இலைப்புள்ளி இப்படிப் பரவுவதுதான். செடிக்கு இது எப்படித் தெரியும்? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடியை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இலையில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் மழைச் சொட்டு பட்டதும் வளைகின்றன. உடனே அதன் அடியிலிருந்து கால்சியம் அலை, குளத்தில் கல் போட்ட மாதிரி வட்டமாகப் பரவுகிறது. நோயைத் தடுக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதாவது கிருமி வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே செடி தயாராகி விடுகிறது!

போஸுக்குப் பிடித்த தொட்டாச்சிணுங்கிக்கும் 2022-லேயே பதில் கிடைத்தது. இலை மடங்காதபடி மாற்றிய செடியையும், சாதாரணச் செடியையும் வைத்துப் பார்த்தார்கள். மடங்க முடியாத செடியைத்தான் பூச்சிகள் அதிகம் தின்றன. ஆக அது வெட்கப்பட்டுச் சிணுங்குவது இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிணுங்குகிறது.

செய்து பாருங்கள், செய்யாதீர்கள்

1. தொட்டாச்சிணுங்கி நம்ம கரிசல் காட்டில் அவ்வளவாகக் கண்ணில் படாது. பரவாயில்லை. புளியமரத்து இலையையோ அகத்தி இலையையோ மதியம் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை பாருங்கள். சாயங்காலம் கூம்பி இருக்கும். பொழுது போனபின் இலை பறிக்காதே, செடி தூங்குது என்று எங்கள் அப்பத்தா சொல்வது இதைப் பார்த்துத்தான் போலிருக்கிறது.

2. தொட்டால் நல்லது என்று செடியைத் தடவிக்கொண்டே இருக்காதீர்கள். அடிக்கடி தொட்டால் செடி குட்டையாகி, பூப்பதும் தள்ளிப் போகும். காவல் காப்பதிலேயே சக்தி எல்லாம் செலவாகிவிடும்.

3. இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் புகுந்து நடக்காதீர்கள். நம்ம கையும் பாவாடையும் கால்சட்டையுமே நோயைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

4. போகிற வருகிற வழியில் சும்மா இலையைக் கிள்ளாதீர்கள். ஒரு இலையில் பட்ட காயம் மற்ற இலைகளுக்கும் தெரிந்துவிடும். அந்தக் கால்சியம் அலை செடி முழுக்க ஓடுவதை 2018-இல் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

முடிவாக

போஸிடம் நல்ல அறை இல்லை, சரியான சம்பளம் இல்லை. கட்டுரையையும் அச்சடிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதிலை அவர் பெரிய மனிதர்களிடம் கேட்கவில்லை, செடியிடமே கேட்டார். பதில் முழுசாக வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அவர் தொடங்கி வைக்காவிட்டால் இன்னும் தாமதமாகி இருக்கும்.

தாய்மொழியில் படிக்கிறோம், கிராமத்துப் பள்ளியில் படிக்கிறோம் என்று நாமும் தயங்க வேண்டாம். நம்மைச் சுற்றிப் பருத்தி, உளுந்து, கம்பு, மல்லி என்று எத்தனை செடி இருக்கிறது! வாய் பேசாத அவைகளிடம் கேட்க இன்னும் எவ்வளவோ கேள்விகள் பாக்கி இருக்கின்றன. கேட்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்ம பள்ளியில் இருந்தும் வரட்டும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாலவனத்தம்